டான்சில் ஆபரேஷன்: மூன்று நாள் லீவு போதுமா?

‘டான்சில்தானே... மூணு நாள்ல வந்துடலாம்!’ அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் கம்பெனிகளிலோ டான்சில் ஆபரேஷனுக்கு லீவு கேட்பவர்களுக்கு சூப்பர்வைசரிடமிருந்து பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். வீட்டிலும் இதே பேச்சுதான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்து, ஒரே வாரத்தில் அது தெருவில் ஓடியாடி விளையாடியதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

குழந்தைகளுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம், பெரியவர்களுக்குப் பொருந்தாது. 20 வயதைத் தாண்டி டான்சிலை எடுத்துக்கொள்பவர்களுக்குக் குறைந்தது 10 முதல் 14 நாள்கள் ஓய்வு தேவை. மூன்றாம் நாளில் வலி குறையத் தொடங்கும் என்று எதிர்பார்ப்போம். உண்மையில் அது கூடத் தொடங்குவதே அப்போதுதான். ரத்தம் கசியும் ஆபத்து அதற்கும் பிறகு, ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இருக்கிறது. மூன்று நாள் லீவு முடிந்து மெஷின் முன்னால் போய் நிற்பவருக்கு, அந்த ஆபத்தான நாள்கள் வேலையிடத்திலேயே கழிகின்றன.

பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு வலி?

டான்சிலை எடுத்த இடத்தில் பொதுவாகத் தையல் போடுவதில்லை. தொண்டையின் இரு பக்கமும் திறந்த புண்ணாகவே இருந்து, அது தானாக ஆற வேண்டும். கையில் காயம் பட்டால் கட்டுப்போட்டு அசைக்காமல் வைக்கலாம். தொண்டையை அப்படி வைக்க முடியாது. எச்சில் விழுங்கினாலும், பேசினாலும், கொட்டாவி விட்டாலும் புண் இழுபடும். பெரியவர்களுக்கு டான்சில் பல வருடங்களாக வீங்கி வீங்கி, சுற்றியுள்ள தசையோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிரித்து எடுக்கும்போது புண்ணும் கொஞ்சம் ஆழமாகிவிடும்.

நாள் கணக்கு

முதல் இரண்டு நாள்: ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துகளின் தயவில் ஓரளவு தாங்கலாம். ‘இவ்வளவுதானா?’ என்றுகூடத் தோன்றும். இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

மூன்று முதல் ஏழாம் நாள் வரை: வலி உச்சத்துக்குப் போகும் நாள்கள் இவை. காதிலும் குத்தும். காதில் ஏதோ கோளாறு என்று பயந்து சொட்டு மருந்து விட வேண்டாம். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், தொண்டைப் புண்ணின் வலியை மூளை காது வலியாகவும் உணர்கிறது.

ஐந்து முதல் பத்தாம் நாள் வரை: புண்ணின் மேலிருக்கும் படலம் உதிரும். ரத்தக்கசிவு பெரும்பாலும் வருவது அப்போதுதான்.

இரண்டாவது வார முடிவு: பலரும் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கொட்டாவி விடும்போது மட்டும் லேசாக இழுக்கலாம்.

வெள்ளையாக இருந்தால் சீழா?

கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையின் இரு பக்கமும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திட்டாகத் தெரியும். வாய் நாற்றமும் இருக்கும். ‘சீழ் பிடிச்சிருச்சு’ என்று வீட்டில் பதறுவார்கள். அது சீழ் அல்ல. முழங்காலில் சிராய்த்தால் மேலே பொருக்கு கட்டுகிறதே, அதேதான். தொண்டை எப்போதும் ஈரமாக இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. அதை விரலால் தேய்ப்பதோ, துணியால் துடைப்பதோ, உப்புத் தண்ணீரில் வேகமாகக் கொப்பளிப்பதோ கூடாது. பொருக்கு முன்கூட்டியே பிய்ந்தால் ரத்தம் வரும். வாய் நாற்றத்தோடு காய்ச்சலும் விடாமல் அடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரையை மணி பார்த்துப் போடுங்கள்

வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடினால், விழுங்கவே முடியாது. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை, அவர் சொன்ன இடைவெளியில் மணி பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டால் கஞ்சி எளிதாக இறங்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும். இதயத்துக்காக ஏற்கெனவே அதைப் போடுபவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. சளி, காய்ச்சலுக்கான பல கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும்.

சாப்பாடு: பாட்டியும் டாக்டரும்

ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்வார். ‘தொண்டைப் புண்ணுக்கு ஐஸா?’ என்று பாட்டி தடுப்பார். இந்த விஷயத்தில் டாக்டர் பேச்சைக் கேளுங்கள். குளிர்ச்சி வலியை மரக்கச் செய்யும். ஐஸ்கிரீம் பிடிக்காதவர்கள் அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

சாப்பாட்டைவிட முக்கியம் தண்ணீர். வலிக்குப் பயந்து விழுங்காமல் இருந்தால் தொண்டை காய்ந்து, வலி இன்னும் கூடும். ஒரு மணி நேரத்துக்குச் சில மடக்காவது குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இளநீர், ஆறிய நொய்க்கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, குழைந்த பருப்பு சாதம் எல்லாம் சரி. புளி, மிளகு, காரம், எலுமிச்சை, ஆரஞ்சு ஜூஸ் எரியும். ரசம்கூட முதல் வாரத்தில் வேண்டாம். முறுக்கு, அப்பளம், மொறுமொறு தோசையின் ஓரம் ஆகியவை புண்ணைக் கீறும். ரோஸ்மில்க் போன்ற சிவப்பு நிற பானங்களையும் தவிர்க்கலாம். துப்பும்போது அது கலரா, ரத்தமா என்ற குழப்பம் வராது.

தூங்கும்போது இரண்டு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். வாய் வழியாக மூச்சு விடுவதால் விடியற்காலையில் தொண்டை வறண்டிருக்கும். கட்டில் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். சிகரெட், மது இரண்டும் புண் ஆறும் வரை கூடவே கூடாது. சி.டி.எச். சாலையின் தூசியில் பைக் ஓட்டுவதையும், பாரம் தூக்குவதையும் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். வெளியூர்ப் பயணமும் வேண்டாம்.

ரத்தம் வந்தால்...

எச்சிலில் ஓரிரு முறை மெல்லிய சிவப்புக் கோடு தெரிவது உண்டு. ஆனால், பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தாலோ, கட்டி கட்டியாகத் துப்பினாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மல்லாந்து படுக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் சாயுங்கள். ரத்தத்தை விழுங்காமல் துப்புங்கள். எதுவும் சாப்பிட வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பல நேரம் ரத்தம் தானாக நின்றுவிடும். நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவது கட்டாயம், ஏனென்றால் சிறு கசிவுக்குப் பிறகு பெரிய ரத்தப்போக்கு வருவதுண்டு.

தெருமுனை கிளினிக்கில் இதற்கு வழி இருக்காது. எனவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: ‘ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் வந்தா, எங்க வரணும், யாருக்கு போன் பண்ணணும்?’ பதிலை எழுதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவையுங்கள். ரூம் எடுத்துத் தனியாகத் தங்கியிருப்பவர்கள், இந்த இரண்டு வாரம் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

லீவுக்கு வழி இருக்கிறது

இரண்டு வாரம் சம்பளம் போனால் வீடு எப்படி ஓடும் என்ற கவலையில்தான் பலரும் சீக்கிரமே வேலைக்குத் திரும்புகிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்களுக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள்கள் வரை கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பொதுவாக முதல் இரண்டு நாள்களுக்குப் பணம் வராது. இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் அவசியம். அவசரமில்லாத ஆபரேஷன் என்பதால், தேதி குறிப்பதற்கு முன்பே டிஸ்பென்சரியில் விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டுமா?

வருடத்துக்கு ஒரு முறை தொண்டை கட்டுபவருக்கு இது தேவையில்லை. ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருடங்கள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 வருடங்கள் ஆண்டுக்கு 3 முறை என்பதுதான் பல நாடுகளில் டாக்டர்கள் பார்க்கும் கணக்கு. டான்சிலைச் சுற்றி மறுபடி மறுபடி சீழ் கட்டுவது, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாவது போன்றவற்றுக்குத் தனியாக முடிவு எடுப்பார்கள்.

பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 453 பேரிடம் நடந்த ஆய்வு, 2023-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. அடிக்கடி டான்சில் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள், மற்றவர்களுக்கு மருந்து மட்டும். இரண்டு வருடங்களில் தொண்டை வலித்த நாள்கள், ஆபரேஷன் தரப்பில் 23, மருந்து தரப்பில் 30. ஆபரேஷனுக்குப் பின் வலித்த நாள்களையும் சேர்த்த கணக்கு இது. அதே ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரத்தக்கசிவும் ஏற்பட்டது.

பலன் உண்டு, அதற்கான விலையும் உண்டு. டாக்டரிடம் பேசி, ஆபரேஷன் தேவைதான் என்று முடிவானால் தயங்க வேண்டாம். ஆனால் லீவு லெட்டரில் ‘மூன்று நாள்’ என்று எழுதாமல், ‘பதினான்கு நாள்’ என்று எழுதிக் கொடுங்கள்.