பத்து ரூபா காயினும் பாவப்பட்ட நானும்

எங்க ஏரியாவுல எந்தக் கடையில வேணா ஒரு பத்து ரூபா காயினை நீட்டிப் பாருங்க மக்கா. பல்லி விழுந்த பாலைப் பாக்குற மாதிரி ஒரு பார்வை வரும். "இது வாங்குறதில்ல சார், நோட்டு இருந்தா குடுங்க."

ஏன்னு கேட்டா ஆளுக்கொரு ஆராய்ச்சி. பத்து கோடு இருந்தாத்தான் ஒரிஜினலாம், பதினஞ்சு இருந்தா டூப்ளிகேட்டாம். ரூபாய்க் குறி இல்லாதது கள்ளக்காசாம். (அந்தக் குறியே 2010-லதான்யா வந்துச்சு! அதுக்கு முன்னாடி அடிச்ச காசுல எப்படி இருக்கும்?) அதுவரைக்கும் வந்த 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலயே அறிக்கை விட்டாச்சு. மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட சொன்னேன்.

"ரிசர்வ் வங்கி சொல்லுது சார்... எனக்குச் சரக்கு போடுறவன் சொல்லணும்ல?"

அதுக்கு மேல என்னத்தப் பேச!

இதே அண்ணாச்சி சில்லறைக்குப் பதிலா மிட்டாய் தருவாரு. அதைத் திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டாரு. கல்லா மேல இருக்குற டப்பா "பத்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துனா, கண்ணுல காணாத காசை நம்பிடுவாரு. சிங்கம் போட்ட அரசாங்கக் காசு மேலதான் சந்தேகம்.

நானாவது செல்போனைக் காட்டித் தப்பிச்சுக்குவேன். தெருமுனை பூக்காரம்மா என்ன செய்யும்? சுருக்குப்பையில எட்டு காயின். விடிகாலைல மாட்டுத்தாவணி போய் பூ எடுக்கணும், அங்க வாங்கலைன்னா எண்பது ரூபாய்க்குப் பூ குறையும். "நீயாச்சும் மாத்திக் குடுய்யா"ன்னுச்சு. குடுத்துட்டேன்.

எட்டும் இப்ப என் சட்டைப்பையில கிணுகிணுங்குது. யாருக்காச்சும் வேணுமா? :)