ஆறு சண்டியன்களைச் சேர்த்தால் அது அணி ஆகாது



கொஞ்சம் நீளமான பதிவு. போன நோன்பு விடுமுறையில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியது. போகிமொன் விளையாடும் பிள்ளைகளும், "ஸேருமா இதை விளையாடுறார்" என்று தலையில் கை வைக்கிற பெற்றோரும் சேர்ந்தே வாசியுங்கள்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். பல்கலைக்கழக விடுதியில் தொற்றிய பழக்கம், இன்றும் இஷாவுக்குப் பிறகு ஓரிரண்டு ஆட்டம் விளையாடுவேன். அதை நான் யாருக்கும் ஒளித்ததில்லை. அது தெரிந்துதான் தரம் 8 மாணவன் ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஸேர், எல்லா மெட்ச்சும் தோக்குறன். என்ட டீமை ஒருக்காப் பாருங்களேன்."

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆளுக்கு ஆறு போகிமொன். களத்தில் ஒரு நேரத்தில் ஆளுக்கொன்றுதான் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றில் அடிக்கலாம், அல்லது நிற்பதை உள்ளே எடுத்துவிட்டு வேறொன்றை இறக்கலாம். ஆறும் விழுந்தவர் தோற்றார். நெருப்பு, நீர், புல், மின்சாரம், பாறை, இரும்பு என்று மொத்தம் 18 வகைகள். எந்த வகை அடி எந்த வகைக்குக் கூட வலிக்கும், எதற்கு உறைக்காது என்பதுதான் ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு. பிள்ளைகள் ஃபயர், வாட்டர் என்று சொல்வார்கள். பெற்றோரும் வாசிப்பதால் நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவனுடைய அணி: சாரிசார்ட், வொல்கரோனா, மோல்ட்ரெஸ், டிராகனைட், கியாரடோஸ், கார்ச்சோம்ப். ஆறும் பெரிய பெயர். ஆறும் அடிக்கிறவை. பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பே முதல் பிழை.

ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். இந்த ஆறில் ஐந்துக்குப் பாறை அடி ஆகாது. அந்த ஐந்திலும் சாரிசார்ட், வொல்கரோனா, மோல்ட்ரெஸ் மூன்றுக்கும் பாறை நான்கு மடங்கு வலிக்கும். 'ஸ்டெல்த் ராக்' என்று ஒரு வேலை இருக்கிறது. எதிராளி ஒருமுறை உங்கள் பக்கத் தரையில் கூர்ங்கற்களைப் பரப்பி வைத்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் இறக்கும் ஒவ்வொன்றுக்கும் காலில் குத்தும். சாதாரணமானதுக்கு எட்டில் ஒரு பங்கு உயிர் போகும். சாரிசார்ட்டுக்குச் சரிபாதி. அடிக்கு முன்னமே பாதி. இரண்டு தரம் இறங்கினால் மையித்துதான். இந்தப் பிள்ளை ஆறு சண்டியன்களைக் கூட்டிக்கொண்டு வெறுங்காலோடு முள்ளுக்குள் போயிருக்கிறான்.

நான் என்ன செய்தேன்? "இதை முழுசா அழிங்க மகன்" என்று சொல்லி, என்னுடைய சொந்த அணியை அப்படியே அவனுடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். நல்ல அணி. நான் மாதக்கணக்காகச் செதுக்கியது. சாரிசார்ட்டை விட மனமில்லாமல் அவன் முகம் சுருங்கியதைக் கண்டேன். கண்டும் காணாதது போல இருந்தேன்.

பத்து நாள் ஆளைக் காணவில்லை. அதற்குப் பிறகு என்னைத் தெருவில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். கடைசியில் பள்ளிவாசல் வாசலில் பிடித்துக்கொண்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "முந்தியாவது பத்துக்கு ரெண்டு கெலிச்ச ஸேர். இப்ப அதுவுமில்ல. அது உங்கட டீம். எவன் எதுக்கு நிக்கிறான் எண்டே எனக்கு விளங்கல்ல."

அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணக்கைச் செய்துகாட்டாமல் விடையை மட்டும் கொப்பியில் எழுதிக் கொடுக்கிற வேலையை, வகுப்பில் செய்தால் நானே திட்டுகிற வேலையை, நான் செய்திருக்கிறேன்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு முடிந்த அணியைக் கொடுக்கக் கூடாது. அவனுக்குப் பிடித்த ஒன்றை நடுவில் வைத்து, "இவனை யார் விழுத்துவான், அந்த அடியை யார் வாங்குவான்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கட்ட வைக்க வேண்டும். சமநிலை என்பது ஒரு வகைக்கு ஒன்று என்று ஆறு பெட்டி நிரப்புவதென்று பலர் நினைக்கிறார்கள். ஒருவனுடைய ஓட்டையை இன்னொருவன் அடைக்கிறானா என்பதுதான் பார்க்க வேண்டியது.

நல்ல விளையாட்டுக்காரர்கள் பலர் இதற்கு நேர் எதிராகத்தான் சொல்வார்கள். முதலில் கெட்டிக்காரர் கட்டிய அணியை எடுத்து ஐம்பது ஆட்டம் விளையாடு, பிறகு சொந்தமாகக் கட்டு என்பது அவர்கள் புத்திமதி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரத்துக்கு மேல் போகிமொன், ஒவ்வொன்றுக்கும் எத்தனையோ அடிகள், பொருட்கள். ஒரேயடியாக எல்லாம் மண்டையில் ஏறாது. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு வேறு வழி இருக்கிறது. போகிமொன் ஷோடவுனில் 'ரேண்டம் பெட்டில்' என்று ஒன்று உண்டு. ஆட்டமே இரண்டு பேருக்கும் ஏதோ ஆறைத் தூக்கிக் கொடுக்கும். அதில் இருபது முப்பது ஆட்டம் விளையாடினால் எது என்ன செய்யும் என்று கைக்குப் பழகிவிடும். தோற்றாலும் "என்ட டீம் சரியில்ல" என்ற கவலை இல்லை. இரவல் அணியை விட இது நூறு மடங்கு மேல்.

அடுத்த வெள்ளி அஸருக்குப் பிறகு அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். "சாரிசார்ட்டை வைப்போம்" என்றேன். முகம் மலர்ந்தது.

சாரிசார்ட் நெருப்பும் பறவையும். பாறை, நீர், மின்சாரம் மூன்றும் ஆகாது. இந்த மூன்றையும் வாங்கக்கூடியவன் யார்? அரை மணித்தியாலம் தேடி ஸ்வாம்பர்ட்டைக் கண்டுபிடித்தான். நீரும் நிலமும். மின்சாரம் அவனில் ஏறவே ஏறாது, பாறை பாதிதான் வலிக்கும், நீர் சாதாரணம். ஸ்வாம்பர்ட்டுக்கு ஒரேயொரு எதிரி புல், அதுவும் நான்கு மடங்கு. அந்தப் புல் அடியோ சாரிசார்ட்டுக்குக் கால்வாசிதான் உறைக்கும். இதை அவன் தானே கண்டபோது கதிரையிலிருந்து எழும்பிவிட்டான். "ஸேர், ரெண்டு பேரும் ஆளுக்காள் காப்பாத்துறானுகள்!" நான் அதற்கு முன்பு இதே விஷயத்தை அவனுக்கு மூன்று தரம் சொல்லியிருந்தேன்.

தரையில் கற்கள் விழுந்தால் கூட்டி அள்ள ஒருவன் வேண்டும். அதற்குக் கோர்விநைட், இரும்பும் பறவையும். சாரிசார்ட்டின் காலுக்கு 'ஹெவி டியூட்டி பூட்ஸ்' என்ற பொருளையும் மாட்டினோம், கல் குத்தாது.

இங்கே ஒரு விஷயத்தைப் புதியவர்கள் எப்போதும் தவறவிடுகிறார்கள். அடிகளில் இரண்டு சாதி உண்டு. கையாலும் பல்லாலும் அடிக்கும் உடலடி ஒன்று. சுவாலை, மின்னல் போலத் தூரத்திலிருந்து வருவது மற்றது. ஒவ்வொரு போகிமொனுக்கும் இந்த இரண்டையும் தாங்கும் பலம் தனித்தனி. கோர்விநைட் உடலடிக்கு நல்ல மதில். மற்றதுக்கு பிளிஸ்ஸி. பிளிஸ்ஸியின் அடிப்படை உயிர் 255, உடலடியைத் தாங்கும் பலமோ வெறும் 10. எவ்வளவு நெருப்பைக் கொட்டினாலும் சிரித்துக்கொண்டு நிற்கும், யாராவது நல்ல குத்து ஒன்று விட்டால் சரிந்துவிடும். இப்படி ஒரு மதில் இந்தப் பக்கம், ஒரு மதில் அந்தப் பக்கம் வைப்பது பழைய வழக்கம். முன்னைய காலத்தில் ஸ்கார்மரியும் பிளிஸ்ஸியும் சேர்ந்து எத்தனை பேரை அழ வைத்திருக்கின்றன!

இரண்டு மதில் வந்துவிட்டது, வேகம் இல்லை. டிராகபுல்ட் எடுத்தோம். அதன் அடிப்படை வேகம் 142. பாதி பேய் என்பதால் பிளிஸ்ஸிக்கு ஆகாத குத்துச்சண்டை அடியும் அதில் ஏறாது.

பலப் புள்ளிகளைப் பற்றி ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் 510 புள்ளி வரை பகிரலாம், ஒரு குணத்துக்கு 252 தான் உச்சம். இதை நினைத்துத் தொடக்கத்தில் மண்டையை உடைக்காதீர்கள். ஷோடவுனே ஒரு பகிர்வைச் சொல்லித் தரும், அதை அழுத்திவிட்டுப் போங்கள். நான்கு அடிக்கான இடத்திலும் நான்கு தாக்குதலை நிரப்பாதீர்கள், அது போதும்.

ஆறாவது இடத்தை அவனிடமே விட்டேன். "டிராகபுல்ட்டுக்கு இருள் வகை அடி ஆகாது. வாங்க ஆளில்லை. பார்த்துப் போடுங்க மகன்." அவன் அஸுமரிலைப் போட்டான். நீரும் தேவதையும். இருளைத் தாங்கும், கெட்ட அடியும் அடிக்கும். சரியான விடைதான். ஆனால் சாரிசார்ட், கோர்விநைட், இப்போது அஸுமரில், மூன்றுக்கும் மின்சாரம் ஆகாது. முழுதாக அடைக்க இருப்பது ஸ்வாம்பர்ட் என்ற ஒரே ஆப்பு. நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் லுஹருக்கு முன்னமே வந்து நின்றான். எதிராளி ஒருவன் முதல் வேலையாகப் புல் அடியால் ஸ்வாம்பர்ட்டை விழுத்திவிட்டு, மின்சாரக்காரனை இறக்கி வரிசையாகத் துடைத்திருக்கிறான். ஷோடவுனில் முடிந்த ஆட்டத்தைச் சேமித்துத் திரும்பப் பார்க்கலாம். இவன் அதை நான்கு தரம் பார்த்திருக்கிறான். "ஸேர், மூணு பேருக்கும் கரண்ட் அடி ஆகாது. நீங்க நேத்தே கண்டிங்கதானே?"

கண்டேன் என்றேன். கோபிக்கவில்லை. அஸுமரிலை எடுத்துவிட்டுக் கிளிஃபேபிளைப் போட்டான், அது வெறும் தேவதை மட்டும். தோல்வி நின்றதா என்றால் இல்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு தோல்விக்கும் காரணத்தோடு வருகிறான்.

இதைக் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1996 உலகக் கிண்ண இறுதியில் அரவிந்த ஆட்டமிழக்காமல் 107 அடித்தார், மூன்று விக்கெட்டும் எடுத்தார். அதற்காகப் பதினொரு அரவிந்தவை இறக்கினால் விக்கெட் காப்பது யார், புதுப் பந்து போடுவது யார்? (அந்த இறுதி ஆட்டத்துக்கு 19 நாட்களுக்கு முன்தான் ஜப்பானில் முதல் போகிமொன் ஆட்டம் விற்பனைக்கு வந்தது. இது சும்மா ஒரு தகவல்.)

"அப்ப பிடிச்சதைப் போட்டாக் காணும், கெலிக்கலாம்" என்று சிலர் பாச்சிரிசு கதையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். 2014 உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க், பாச்சிரிசு என்ற சின்ன அணிலை வைத்துக்கொண்டு சம்பியன் ஆனார். அது களத்தில் இரண்டிரண்டாக நிற்கும் ஆட்டம். கார்ச்சோம்ப்பின் அடிப்படைப் பலங்களைக் கூட்டினால் 600, பாச்சிரிசுவுக்கு 405. பாவத்துக்காக அவர் அதை எடுக்கவில்லை. அவருடைய கியாரடோஸுக்கு மின்சாரம் ஆகாது. பாச்சிரிசு பக்கத்தில் நின்று "என்னை அடி" என்று எதிராளியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும். இழுத்த அடி மின்சாரமானால் அதற்கு வலிக்காது, உயிர் கூடும். அந்த வேலைக்கு அந்த அணில் பொருந்தியது, எடுத்தார். ஆகவே பிடித்ததை வையுங்கள், ஆனால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். வேலையில்லாமல் பாசத்துக்கு மட்டும் ஒன்றை வைத்தால் ஐந்து பேரோடு விளையாடுகிறீர்கள் என்று அர்த்தம். தெரிந்துகொண்டே அப்படி விளையாடுவதென்றால் அது உங்கள் இஷ்டம். நானும் சில நாள் அப்படித்தான்.

பெற்றோருக்கு. ஷோடவுனுக்குக் காசு இல்லை. பழைய போனிலும் பிரவுஸரிலேயே ஓடும். புள்ளி 1000 இல் தொடங்கும், எத்தனை தோற்றாலும் அதற்குக் கீழே இறக்காது. பிள்ளை "டீம் வாங்க ரீலோட் போடுங்க" என்று கேட்டால் அவன் வேறு ஏதோ ஆட்டத்துக்குக் கேட்கிறான், விசாரியுங்கள். நேரத்துக்கு எல்லை வையுங்கள். நான் அவனுக்குச் சொன்னது நாளைக்கு மூன்று ஆட்டம், அதில் தோற்ற ஒன்றைத் திரும்பப் பார்க்க வேண்டும். அதை அவன் ஒழுங்காகச் செய்கிறான், வீட்டுக் கணக்குத்தான் இன்னும் செய்வதில்லை.

நேற்று பாடம் முடிந்து வெளியே வரும்போது வழிமறித்தான். "ஸேர், கிளிஃபேபிளுக்கு நஞ்சு அடி ஆகாது. எங்கட டீம்ல யார் அதை வாங்குறது?"

கோர்விநைட் இரும்பு, நஞ்சு ஏறாது என்று சொல்ல வாய் வந்தது.

"பார்த்துட்டு நாளைக்கு வாங்க மகன்" என்றேன்.