கேட்பவருக்கும் ஓர் இடம்

சென்னையில் மாலை ஆறு மணிக்கு ஏதாவதோர் அரங்கில் யாராவது மைக்கைத் தட்டிப் பார்க்காத நாள் இல்லை. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கு, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கே.கே. நகரில் புத்தகக் கடையை ஒட்டிய சிறு கூடம் என்று இடங்களுக்குக் குறைவில்லை. மார்கழி பிறந்துவிட்டால் மியூசிக் அகாடமியில் காலையிலேயே சொற்பொழிவும் செயல்விளக்கமும் தொடங்கிவிடும். ஞாயிறு விடிந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு சிறு கூட்டம் பழைய வீடுகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்து போகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பெருநகரம் தன் மக்களுக்குத் தரக்கூடிய கொடைகளில் இது மிகப் பெரியது. கல்லூரிக்குப் போக வாய்க்காதவர்களுக்கு இந்த அரங்குகளே கல்லூரியாக இருந்திருக்கின்றன. இந்த இதழில் எழுதுகிறவர்களில் பலர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள்.

அந்தப் பின்வரிசைக்காரருக்காகவே இதை எழுதுகிறோம். பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், கேட்கிறவருக்கு உரிய இடம் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. பொதுக்கூட்டம் என்றால் அழைப்பு இல்லாமல் யாரும் வரலாம், வந்தவர் எழுந்து கேள்வி கேட்கலாம். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ஆயிரம் பேர் கூடினாலும் அதைப் பொதுக்கூட்டம் என்று ஒப்புக்கொள்ள எங்களால் முடியவில்லை.

சென்னை தன் பேச்சைக் கற்றுக்கொண்டது மணலில். 1907-இல் விபின் சந்திர பால் சென்னைக்கு வந்து கடற்கரையில் தொடர்ந்து உரையாற்றினார். அவரை அழைத்துவரப் பாடுபட்டவர்களில் பாரதியும் ஒருவர். ஒலிபெருக்கி இல்லாத காலம். குரல் எட்டும் தூரம்வரைதான் கூட்டம்; எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் மணலில்தான்: ஒரு கூட்டம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில். திலகர் கட்டம் என்று பெயர் பெற்ற இடம் விடுதலைப் போராட்டக் காலம் முழுக்க ஒரு திறந்தவெளி வகுப்பறையாக இருந்தது. காற்று வாங்க வந்தவர் நின்று கேட்டார். பிடிக்காவிட்டால் நடையைக் கட்டினார். பிடித்தால் அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துவந்தார்.

அங்கிருந்து பேச்சு தெருமுனைக்கு வந்தது. திராவிட இயக்கத்தின் தெருமுனைக் கூட்டங்களையும் படிப்பகங்களையும் பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பெரியாரின் கூட்டங்களில் துண்டுச்சீட்டில் கேள்விகள் மேடைக்குப் போகும். தன்னை மறுத்து எழுதிய சீட்டையும் எடுத்துப் படித்து அவர் பதில் சொல்வார். பெயர் போட வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம், கூச்சப்படுகிறவரும் கேட்கலாம். எளிய ஏற்பாடுதான். ஆனால் கேட்பவரைக் கூட்டத்தின் பாதியாக மதிக்கிற மனம் இருந்தால்தான் அது நடக்கும்.

இன்று மெரினாவில் பொதுக்கூட்டத்துக்கு அனுமதி கிடையாது. அங்கே மேடையாக இருந்த சீரணி அரங்கம் 2003-இல் இடிக்கப்பட்டது. போக்குவரத்து, பாதுகாப்பு, கடற்கரையின் அழகு என்று அரசு சொல்லும் காரணங்களில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு நகரம் தன் மிகப் பெரிய திறந்தவெளியில் ஒருவர் நின்று பேசவும் பத்துப் பேர் கேட்கவும் கூடாது என்று முடிவெடுத்தால், இழப்பு பேச்சாளருக்கு மட்டும் இல்லை. வழிப்போக்கராக வந்து கேட்பவராக மாறும் வாய்ப்பு ஒவ்வொருவரிடமிருந்தும் பறிபோகிறது. அரங்குக்குப் போகிறவர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர். மணல்தான் ஆர்வம் இல்லாதவரையும் பிடித்து நிறுத்தியது.

அரங்குகளுக்கும் இந்த ஊரில் பெரிய வரலாறு உண்டு. சென்ட்ரல் அருகே விக்டோரியா பொது அரங்கு. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசிய இடம், சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம். அரண்மனைக்காரத் தெருவில் அன்னி பெசன்ட் முன்னின்று எழுப்பிய கோகலே மண்டபம், ஹோம் ரூல் இயக்கத்தின் குரல் ஒலித்த கூடம். இடிப்பு, வழக்கு, இழுபறி என்றே அதன் பிற்காலம் கழிந்தது. கட்டடம் போனால் மீட்டெடுக்கப் போராட ஆள் இருக்கிறார்கள். அதற்குள் நடந்த கூட்டத்தின் தன்மை போனதற்குத்தான் யாரும் வழக்குப் போடுவதில்லை.

இன்றைய நூல் வெளியீடு ஒன்றைப் பாருங்கள். அழைப்பிதழில் ஆறு மணி. தொடங்கும்போது ஆறே முக்கால். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை. பொன்னாடைகள். முதல் பிரதி கொடுப்பவர், பெறுபவர், இரண்டாம் பிரதி பெறுபவர், படம் எடுக்கிறவருக்காக மீண்டும் ஒருமுறை. பிறகு ஆய்வுரை நிகழ்த்த ஐந்து பேர். மூன்றாவது ஆள் பேசும்போதே எட்டு மணியாகிவிடும். தொகுப்பாளர் சீட்டு அனுப்புவார், பேச்சாளர் அதை மடித்து வைத்துவிட்டுத் தொடர்வார். நூலாசிரியரின் ஏற்புரைக்கு நாற்காலிகள் பாதி காலி. கேள்வி நேரம் என்ற ஒன்று நிகழ்ச்சி நிரலிலேயே இருக்காது. இருந்தால் நேரமின்மை காரணமாகக் கைவிடப்படும். ஆவடிக்கோ திருவொற்றியூருக்கோ திரும்ப வேண்டிய பெண்கள் அதற்கு முன்பே எழுந்து போயிருப்பார்கள். எதைப் பற்றிய புத்தகமோ அதைப் பற்றிய உண்மையான விவாதம் வெளியே டீக்கடையில் நடக்கும். அரங்க வாடகை கொடுத்தது உள்ளே நடந்ததற்கு.

இதை நாங்கள் கோபத்தோடுதான் எழுதுகிறோம். அலுவலகம் முடித்து, இரண்டு பேருந்து மாறி, பசியோடு வந்து உட்காருகிற ஒருவரின் மாலை நேரம் விலைமதிப்பு உள்ளது. அவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் திரும்பிப் போகிறார் என்றால், அந்த மாலையை நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

வேறு மாதிரியும் நடத்த முடியும் என்பதற்குச் சான்றுகள் இங்கேயே இருக்கின்றன. 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை, மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து பேசுவதை வழக்கமாக்கியது. ஆழ்வார்பேட்டை சீனிவாச காந்தி நிலையத்தில் அதன் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே கதையைப் படித்துவிட்டு வந்தவர்தான் பெரிய மனிதர், மேடையில் இருப்பவர் இல்லை. மியூசிக் அகாடமியின் காலை நிகழ்ச்சிகளையும் சொல்ல வேண்டும். ஒரு ராகத்தைப் பற்றி ஒருவர் பேசிப் பாடிக் காட்டியதும் வல்லுநர் குழுவினர் தங்கள் பாடபேதத்தையும் ஐயத்தையும் சொல்வார்கள். சில நாள் அந்தப் பத்து நிமிடம்தான் மொத்த நிகழ்ச்சியிலும் மனசில் நிற்கும். பெரிய வித்வானும் மறுக்கப்படலாம் என்பதை ஒரு மாணவர் கண்ணெதிரே பார்க்கிறார்.

நடைகள் இந்த நகரத்துக்குப் புது உயிர் கொடுத்தவை. 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரின் பிறந்தநாளாக வைத்து, எஸ். முத்தையாவும் நண்பர்களும் 2004-இல் தொடங்கிய மெட்ராஸ் தினம் பின்னர் ஒரு வாரமாகவும் அதைத் தாண்டியும் வளர்ந்தது. மயிலாப்பூரும் திருவான்மியூரும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தவை என்ற ஆட்சேபம் சரியானதே. ஆனாலும் அந்தத் தேதியின் பேரால் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் ஊரை முதல்முறையாகக் காலால் அறிந்தார்கள். 2019-இல் முத்தையா மறைந்தபோது அவரை நேரில் பார்த்திராதவர்களும் வருந்தியதற்கு அதுதான் காரணம்.

ஆனால் இந்த நடைகளில் பல இன்னும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருவில் ஒரு குழு நிற்கிறது. வழிகாட்டி அந்தத் தெருவின் கதையை நன்றாகவே சொல்கிறார். மூன்றடி தள்ளி, காகிதக் கட்டு ஏற்றிய வண்டியைப் பிடித்தபடி வழிக்காகக் காத்திருக்கிறார் ஒருவர். கல்யாணப் பத்திரிகைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார். அவர்கள் தெருவைப் பற்றித்தான் பேச்சு. அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. யாரும் அவர்களிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. அந்தப் பெரியவரிடம் எந்த வருஷம் எந்தக் காகிதம் எந்த ஆலையிலிருந்து வந்தது, எந்த அச்சகம் எப்போது மூடியது என்று கேட்டிருந்தால், குறிப்பேட்டில் இல்லாத ஒரு வரலாறு கிடைத்திருக்கும். வழிகாட்டிக்குக் கூலி வேண்டும், அதனால் கட்டணம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தெருவில் நடக்கும் பேச்சு தெருக்காரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் நடை நடத்துகிறவர்கள் பெருகிவருவது எங்களுக்குப் பெரிய நம்பிக்கை.

எங்கள் பார்வையில் இந்த ஊரின் மிகச் சிறந்த பொதுச் சொற்பொழிவு ஒரு மண்டபத்திலும் நடப்பதில்லை. ஜனவரி முதல் சில மாதங்கள், நள்ளிரவை ஒட்டி, நீலாங்கரை மணலில் நடக்கிறது. 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு இயக்கம், வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு பெசன்ட் நகர்வரை நடக்கும். முதலில் எல்லோரும் மணலில் உட்காருவார்கள். இருபது வயதுப் பையனோ பெண்ணோ எழுந்து பேசுவார்: பங்குனி ஆமை ஏன் இந்தக் கரைக்கு வருகிறது, இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் எப்படிச் சாகிறது, கரையோர விளக்குகள் குஞ்சுகளை எப்படிச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன என்று. குழந்தைகள் விடாமல் கேள்வி கேட்பார்கள். பிறகு டார்ச் இல்லாமல் இருட்டில் நடை.

கடலிலிருந்து டிராக்டர் ஏறி வந்த மாதிரி ஒரு தடம் தெரிந்தால் எல்லோரும் நிற்பார்கள். தடம் முடியும் இடத்தில் தொண்டர் ஒரு கம்பால் மணலை மெதுவாக அழுத்திப் பார்ப்பார். எங்கே இளக்கம் தெரிகிறதோ அங்கே கையால் தோண்டுவார். முழங்கை போகும், சில சமயம் தோள்வரை போகும். ஈர மணலுக்குள் தோல் போன்ற ஓட்டோடு முட்டைகள். நூறுக்கு மேல்கூட இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்து, குழியின் ஆழத்தை அளந்துகொண்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி வெட்டிப் புதைப்பார்கள். சுமார் ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் மேலே வரும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் பெரும்பாலும் அன்றைக்குத்தான் முதல்முறை வந்தவர். கேட்க வந்தவரின் கையில் அந்த இரவே வேலையும் பொறுப்பும் வந்துவிடுகின்றன. 2025 ஜனவரியில் இந்தக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, அது ஏன் என்று கேட்கத் தெரிந்த மக்கள் இந்த ஊரில் இருந்தார்கள். இத்தனை ஆண்டு இரவு நடைகள் உருவாக்கியவர்கள் அவர்கள்.

இதே கடற்கரையில் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். எந்தக் காற்றுக்கு நீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மீன் படும் என்பது அவர்களுக்கு அன்றாடக் கணக்கு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் எங்கே எவ்வளவு படிந்தது என்பதை அங்கே இறால் பிடிக்கிறவரைவிட யார் காலால் அளந்திருக்கிறார்கள்? இவர்களைப் பேச்சாளர்களாக அழைத்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் இவர்களைக் கேமராவுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு, மேடைக்கு வேறு ஆளை ஏற்றுகிறோம்.

அடுத்த மாதம் முதல் எங்கள் மாதக் கூட்டத்தை மாற்றி அமைக்கிறோம். ஒருவர் மட்டும் பேசுவார், நாற்பது நிமிடம். அடுத்த நாற்பது நிமிடம் கேட்பவர்களுக்கு. மைக் பிடிக்கத் தயங்குகிறவர்களுக்காக ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் இருக்கும். பொன்னாடை, முன்னிலை, நன்றியுரை எதுவும் கிடையாது. சொன்ன நேரத்துக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முன்பாக முடித்துவிடுவோம்; புறநகர் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் கடைசிவரை இருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுனில் நடை, தமிழில். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் ராமலிங்க அடிகள் இளமையில் வாழ்ந்த வீட்டிலிருந்து புறப்படுகிறோம்; உடம்பு சரியில்லாத அண்ணனுக்குப் பதிலாகப் போய்ச் சிறுவயதில் அவர் பெரியபுராணம் சொன்னதாக வரலாறு பேசும் பகுதி அது. ஆண்டர்சன் தெருவில் காகித வியாபாரிகள் பேசுவார்கள், நாம் கேட்போம். முடிவில் ஆர்மேனியத் தேவாலயம். உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழை 1794-இல் இந்தச் சென்னையில் அச்சிட்ட ஷ்மாவோனியன் பாதிரியார் அங்கே அடக்கமாகியிருக்கிறார். இரண்டாண்டு போல நடந்து நின்றுபோன இதழ் அது. சிற்றிதழ்க்காரர்கள் ஒரு பூ எடுத்து வரலாம். முன்பதிவோ கட்டணமோ இல்லை. தண்ணீர் பாட்டிலும், நடக்கத் தோதான செருப்பும் போதும். அந்தத் தெருக்களில் உங்களுக்குத் தெரிந்த கடைக்காரரோ சுமைதூக்குபவரோ குடியிருப்பவரோ இருந்தால், அவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.