வீடு சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

"உனது ஊர் எது?" என்று வினவப்படும்போது இந்நாட்டின் இளைஞர் ஒருவர் கூறும் பெயர், பல வேளைகளில் அவர் பிறந்த இடத்தின் பெயராக இருப்பதில்லை. தாயும் தந்தையும் பாட்டனாரும் பாட்டியாரும் சொல்லிக்கொடுத்த பெயரையே அவர் சொல்கிறார். தான் யார், யார் தன்னவர், யாரிடம் அவதானமாக இருக்க வேண்டும் என்பனவற்றையும் பாடசாலைக்குச் செல்லும் முன்னரே அவர் வீட்டில் கற்றுவிடுகிறார்.

புத்தளத்திலும் கல்பிட்டியிலும் பிறந்து வளர்ந்த வடபுல முஸ்லிம் இளைஞர்கள் இதற்குத் துலக்கமான உதாரணமாவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அம்மாதம் 30 ஆம் திகதி அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். அன்று தாயின் இடுப்பில் இருந்த குழந்தை இன்று பிள்ளைகளைப் பெற்ற பெற்றோராகிவிட்டது. சோனகத்தெருவையோ முசலியையோ ஒருநாளும் வாழிடமாகக் கண்டிராத இத்தலைமுறை, அவற்றைத் தனது ஊர் என்கிறது.

புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து இம்மக்களை ஏற்ற உபகாரம் மறக்கத்தக்கதன்று. ஆயினும், காலம் செல்லச் செல்ல, காணி, தொழில், பாடசாலை அனுமதி, பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட ஒதுக்கீடு ஆகியவற்றில் போட்டி எழுந்தது. 'அகதி' என்ற சொல் பிள்ளைகளின் காதிலும் விழுந்தது. வெளியே அப்படி அழைக்கப்பட்ட பிள்ளைக்கு, வீட்டினுள் பாட்டி சொன்ன கிணறும் முற்றமும் வெறும் கதைகளாக இருக்கவில்லை; மானத்தைக் காக்கும் சொத்தாகவே இருந்தன. 2019 நவம்பர் 16 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிச் சென்ற பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பகுதியில் தாக்குதல் நடத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம் வசிக்காத ஒரு மாவட்டத்தில் வாக்களிப்பதற்காக மக்கள் அத்தனை தூரம் செல்வதை வெறும் அரசியல் கணக்காக மட்டும் நோக்குவது தவறாகும்.

மானிடவியலாளர் சாரிகா திராணகம 2011 இல் வெளியிட்ட 'இன் மை மதர்ஸ் ஹவுஸ்' என்னும் நூல் இவ்விடயத்தில் முக்கியமானது. யாழ்ப்பாண முஸ்லிம், மன்னார் முஸ்லிம் எனத் தனித்தனியே தம்மை அடையாளங் கண்டிருந்தவர்களை 'வடபுல முஸ்லிம்' என்னும் ஒரே சமூகமாக உணரச் செய்தது வெளியேற்றமே என்பது அவரது அவதானிப்பு. 1989 இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட விரிவுரையாளர் ராஜினி திராணகமவின் புதல்வியே இந்நூலாசிரியர். இழப்பினூடாக வளர்ந்த, தமிழ்த் தாயொருவரின் மகள், முஸ்லிம் குடும்பங்களின் இழப்பைக் கேட்டறியச் சென்றார் என்பது தனியே சிந்திக்கத்தக்கது.

ஏனெனில், தமிழ் வீடுகள் பெரும்பாலானவற்றில் இது பேசப்படவில்லை. அயலவர்கள் வெளியேற்றப்படுவதைக் கண்ணுற்றவர்களில் பலர் மனம் வெதும்பினர். தமது பொருட்களை நம்பி ஒப்படைத்துச் சென்ற முஸ்லிம் அயலவர்களும் இருந்தனர். ஆனால் அக்காலத்தில் வாய்திறப்பது ஆபத்தானது. அச்சத்தால் பிறந்த அம்மௌனம், அச்சம் நீங்கிய பின்னரும் பழக்கமாகத் தொடர்ந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற ஊடகவியலாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோரினார். மூன்று நாட்களின் பின் வே.பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்பாடொன்றிலும் ஒப்பமிட்டனர். இயக்கமே ஒப்புக்கொண்ட ஒன்றை இன்றும் தமிழ் இளைஞர் பலர் அறியாதிருப்பது விசனத்துக்குரியது. முஸ்லிம் சகபாடி ஒருவருடன் ஒரே வகுப்பில் இருந்திராத அவர்கள், மீளத்திரும்பும் குடும்பங்களைக் 'குடியேற வருபவர்கள்' என எண்ணுவதில் வியப்பில்லை.

கிழக்கில் இந்நிலைமை வேறு வடிவம் பெறுகிறது. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டதும், அடுத்த சில தினங்களில் ஏறாவூரில் நிகழ்ந்ததும் முஸ்லிம் வீடுகளில் நேற்று நடந்தவை போல் சொல்லப்படுகின்றன. அதே மாதம் வீரமுனையில் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதைத் தமிழ் வீடுகள் சொல்கின்றன. ஒவ்வொரு வீடும் தான் இழந்ததைச் சொல்கிறது; தன் பெயரால் பிறருக்கு இழைக்கப்பட்டதை விட்டுவிடுகிறது. பெற்றோர் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல எமது வாதம். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால், அவ்வுண்மையின் பாதியைக் கொண்டே பிள்ளை தன்னை முழுமையாக வடிவமைத்துக்கொள்கிறது.

மறுபாதியைச் சொல்லக்கூடிய இடம் பாடசாலை. ஆனால் ஒரே மொழியில், ஒரே பாடத்திட்டத்தில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றும் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். வரலாற்றுப் பாடநூலோ பண்டைய குளங்களைப் பற்றி விரிவாகக் கூறிவிட்டு, யுத்த காலத்தைத் தொடத் தயங்குகிறது. எனவே பலருக்கு முதற்சந்திப்பு பல்கலைக்கழக விடுதியில்தான் நிகழ்கிறது. இருபது வயதில், இரு வீடுகளின் இரு வரலாறுகள் அங்கே முதன்முறையாக முகம் பார்க்கின்றன.

நிர்வாகமும் இக்குடும்ப உண்மையைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. 1990 இல் ஒரு வீட்டிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பம் இன்று நான்கைந்து குடும்பங்களாகப் பெருகியுள்ளது. மீள்குடியேற்றப் பதிவுகளில் இவர்கள் 'உப குடும்பங்கள்'. காணி கேட்கும்போது, "நீங்கள் புத்தளத்தில் பிறந்தவர்கள்தானே" என்ற கேள்வியை எதிர்கொள்கின்றனர். பிள்ளைக்கு ஊரைக் கொடுத்தது குடும்பம். அதற்கு ஆதாரப் பத்திரம் கோருகிறது பிரதேச செயலகம். யுத்தத்தால் புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பருத்தித்துறையையும் சாவகச்சேரியையும் தமது ஊர் என்று சொல்லும்போது பெருமிதமடையும் நாம், இதே உரிமையைப் புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு மறுப்பதற்கு நியாயமேதும் இல்லை.

1990 இல் இருபத்தைந்து வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதை எட்டிவிட்டனர் அல்லது நெருங்குகின்றனர். நோன்புக் கஞ்சியும் பொங்கலும் வேலிக்கு மேலால் கைமாறிய காலத்தை நேரில் அறிந்த கடைசித் தலைமுறை இதுவே. சோனகத்தெருவின் அயலில் வாழ்ந்த தமிழ் மூதாட்டிக்கும், புத்தளத்தில் முதுமையடைந்த முஸ்லிம் பெரியவருக்கும் ஒருவர் மற்றவரின் பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் நினைவில் இருக்கக்கூடும். அவர்களின் பேரப்பிள்ளைகளோ அப்பெயர்களில் ஒன்றையேனும் கேட்டதில்லை.