அறுகோண ஆட்டத்தில் ஆயுள் நீள வழி

கைப்பேசி ஆட்டங்களுள் அறுகோணக் கட்டைகளை அடுக்கும் ஆட்டம் நம் வீடுகளில் வெகு சகஜமாக நுழைந்துவிட்டது. தேன்கூட்டைப் போன்ற பலகை. கீழே மூன்று துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைக்க வேண்டியது. ஒரு வரிசை முனைக்கு முனை நிரம்பினால் அது மறைந்து இடம் காலியாகும். கையிலுள்ள எந்தத் துண்டையும் வைக்க இடமில்லையாயின் ஆட்டம் தீர்ந்தது. இதில் எதிராளி கிடையாது, ஜயமும் கிடையாது. எவ்வளவு நேரம் பிழைத்திருந்தோம் என்பதே கணக்கு. ஆகவே காலி இடந்தான் இங்கே செல்வம் என்பதை நேயர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

இந்தப் பலகை நமக்குப் புதிதன்று. மார்கழி மாதத்தில் பெண்மணிகள் வாசலில் “9 புள்ளி, 5 முடிய, இடுக்குப் புள்ளி” என்று வைக்கிறார்களே, அதுவே இது. நடுவரிசையில் 9, மேலும் கீழும் இடுக்கில் 8, 7, 6, 5. கூட்டிப் பார்த்தால் 61. பக்கத்திற்கு ஐந்து கட்டமுள்ள அறுகோணப் பலகையிலும் கட்டங்கள் 61 தான். கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு மூன்று திக்கிலும் ஓடும் வரிசைகள் தாமே புலப்படும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பழகிய கண்ணோ ஒரு திக்கை மட்டும் பார்த்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடும். பலர் திணறுவது இதனாலேயே.

இனி யுக்திகளைக் கவனிப்போம். திக்கிற்கு 9 வீதம் மொத்தம் 27 வரிசைகள். ஓர வரிசைக்கு ஐந்து கட்டை போதும். நடுவரிசைக்கு ஒன்பது வேண்டும். மூலைக் கட்டம் இரண்டு ஓர வரிசைகளிலும் ஒரு நடுவரிசையிலும் பங்குடையது. பலகையின் மையக் கட்டமோ மூன்று நடுவரிசைகளின் சந்திப்பு. ஆதலால் மூலையில் இட்ட கட்டைக்குச் சீக்கிரம் விடுதலை. மையத்தில் இட்டது நெடுநேரம் சிறையிருக்கும். ஓரங்களிலிருந்து தொடங்கி மையத்தைக் காலியாகக் காப்பதே முதல் யுக்தி.

இரண்டாவது, ஒற்றைக் குழியை உண்டாக்காதிருத்தல். ஆறு புறமும் அடைபட்ட ஒரு குழியில் ஒற்றைக் கட்டை தவிர வேறொன்றும் நுழையாது. தவறி ஏற்பட்டுவிட்டால் அந்த ஒற்றைக் கட்டைக்காகத் தவம் கிடக்க வேண்டாம். குழியை ஒட்டி ஓடும் வரிசையொன்றை நிரப்பி மறையச் செய்தால் அதன் வாய் திறந்துவிடும்.

மூன்றாவது, வரப்போவதற்கு இடம் வைத்தல். நான்கு அறுகோணங்களை விளிம்பொட்டிச் சேர்த்தால் உண்டாகும் வடிவங்கள் ஏழே. ஆயினும் துண்டைத் திருப்ப இடங்கொடாத ஆட்டங்களில், அவை பார்க்கும் முகங்களைத் தனித்தனியே எண்ணினால் 44 ஆகின்றன. நீண்ட கோல் ஒன்றே மூன்று திக்கிலும் வரக்கூடும். எனவே திக்கிற்கு ஒன்றாக, நான்கு கட்ட நீளமுள்ள சந்து எப்பொழுதும் திறந்திருக்கட்டும்.

நான்காவது, மூன்று துண்டுகளையும் சேர்த்துப் பார்த்த பின்னரே முதலாவதைத் தொடுதல். மூன்றை வைக்க ஆறு முறைகள் உண்டு. எதை முதலில் வைத்தால் ஒரு வரிசை மறைந்து மற்றவற்றிற்கு வழி பிறக்கும் என்று யோசிக்க வேண்டும். ஒரே முறையில் இரண்டு வரிசைகளைத் தீர்த்தால் அதிகப் புள்ளி தரும் ஆட்டங்கள் உண்டு. பலகை பாதிக்குமேல் நிரம்பிய பின் அந்த ஆசையை விட்டுவிட்டு, கைக்கெட்டிய ஒரு வரிசையைத் தீர்ப்பதே விவேகம்.

1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்நோவ் அமைத்த டெட்ரிஸ் ஆட்டம் சதுரக் கட்டைகளால் ஆனது. அதில் கட்டைகள் தாமே விழுந்துகொண்டிருப்பதால் அவசரம் அதிகம். நம் அறுகோண ஆட்டத்தில் பெரும்பாலும் அவசரமே இல்லை. அவசரமில்லாத இடத்தில் அவசரப்படுவது யார் குற்றம்?

ஆட்டம் தீர்ந்ததும், “ஒரு விளம்பரம் பாருங்கள், மறுபடி உயிர் தருகிறோம்” என்று ஆசை காட்டும் ஆட்டங்கள் பல. அவ்வுயிரை வாங்காதீர்கள். நின்றுபோன பலகையை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். எந்தக் குழி எப்போது விழுந்தது என்பது அதில் எழுதியிருக்கும். விளம்பரம் பார்த்தவனுக்குப் பொழுது போகும். பலகையைப் பார்த்தவனுக்குப் புத்தி வரும்.

எங்கள் பிள்ளைச்சாவடி போன்ற கடற்கரை ஊர்களில், இருக்கும் ஒரே கைப்பேசி தகப்பனாரோடு கடலுக்குப் போய்விடும் வீடுகளும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் ஏங்க வேண்டியதில்லை. மணலில் 61 குழி தோண்டுங்கள், ஏழு வடிவங்களையும் சீட்டில் வரைந்து குலுக்கி மூன்று எடுங்கள், கிளிஞ்சலால் நிரப்புங்கள். காகிதத் துண்டைத் திருப்பலாமா என்பதை ஆட்டத்திற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நிரம்பிய வரிசையைத் தம் கையாலேயே பொறுக்கியெடுக்கும் குழந்தைக்குக் கணக்கு விரல் வழியாகவே ஏறும். அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் விசேஷம். இடுக்குப் புள்ளியில் அவர்களுக்குத் தெரியாத திக்கு ஏது?