படகுக் கணக்கு: மணியா, கேலனா?

மினசோட்டாவில் படகு சீசன் முடிஞ்சாச்சு மக்களே. மே நடுவில் ஆரம்பிச்சா செப்டம்பர் கடைசி வரைக்கும், அவ்வளவுதான். மூணு குடும்பம் சேர்ந்து வாங்கின செகண்ட் ஹேண்ட் படகு எங்களோடது. 18 அடி அலுமினியம், பின்னாடி 115 குதிரைசக்தி மோட்டார். கணக்குப்பிள்ளை உத்தியோகம் அடியேனுக்கு (சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு). இப்போ பஞ்சாயத்து என்னன்னா, பெட்ரோல் காசை எப்படிப் பிரிக்கறது?

மோட்டாரில் மணி மீட்டர் இருக்கு. மே மாசம் 212, இப்போ 250. ஆக 38 மணி ஓடியிருக்கு. பெட்ரோல் 131 கேலன், சராசரியா கேலன் 4.10 டாலர், மொத்தம் 537 டாலர். எத்தனால் கலக்காத பிரீமியம்தான் போடறோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், வாரக்கணக்கில் சும்மா நிக்கிற படகுக்கு அது ஆகாது.

நண்பர் ஒருத்தர், குழந்தைகளை ரப்பர் டியூப்பில் உக்கார வச்சு இழுத்துட்டுப் போறவர், "அதான் மீட்டர் இருக்கே, ஓட்டின மணிப்படி பிரிச்சுடலாம்"ங்கறார். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா என்னைக் கேட்டா சுத்த அநியாயம்.

காரணம் சிம்பிள். இந்த மாதிரி மோட்டார் முழு வேகத்தில் மணிக்குப் பத்து கேலன் கிட்டக் குடிக்கும். அதுவே சும்மா உறுமிக்கிட்டு நின்னா ஒரு கேலன் கூட ஆகாது. மீட்டருக்கு ரெண்டும் ஒரே மணிதான். அதிலும் டியூப் இருக்கே, பசங்க விழ விழ நிறுத்தி, திரும்ப ஏத்தி, மறுபடி முக்கிக் கிளப்பணும். படகு மூக்கைத் தூக்கிக்கிட்டு தண்ணியை உழுதுட்டுப் போற அந்த நடுவாந்தர வேகம்தான் பெட்ரோலுக்கு எமன். ஒண்ணு ஆமை மாதிரி போகணும், இல்ல சட்டுனு எழும்பி தண்ணி மேல வழுக்கிட்டுப் போகணும்.

படகுக்குள்ள ஒரு நோட்டு வச்சிருக்கோம். அதன்படி டியூப்காரர் 11 மணி, 68 கேலன். தூண்டில் போடற நண்பர் 20 மணி, 36 கேலன். நாங்க 7 மணி, 27 கேலன் (தங்கமணிக்கு சூரிய அஸ்தமனம் பார்க்கணும், அதையும் வேகமாப் போய்ப் பார்க்கணும்!). மணிப்படி பிரிச்சா தூண்டில்காரர் தலையில் 283 டாலர் விழும். அவர் எரிச்சது வெறும் 148. சரிசமமாப் பிரிச்சாலும் ஆளுக்கு 179, அப்பவும் அவருக்கு நஷ்டம்தான். அதனால என் தீர்ப்பு: எடுத்தப்போ டேங்க் எப்படி இருந்துச்சோ அப்படியே நிரப்பிக் கொண்டாந்து விடு. வாடகைக் காருக்கு இதைத்தானே செய்யறோம்?

இதுக்கு நடுவில் தூண்டில்காரர், பெட்ரோல் விக்கிற விலைக்குப் படகை வித்துடலாம்னு ஆரம்பிச்சுட்டார். அண்ணே, பெட்ரோல் பாவம்ணே! இன்ஷூரன்ஸ் 270, குளிர்காலத்துக்கு யார்டு வாடகை 480, மோட்டாரைத் தயார் பண்ணி பிளாஸ்டிக் சுத்தினது 430, ஆயில் வகையறா 140, டிரெய்லர் டயரும் பேரிங்கும் 190. கூட்டினா 1510. படகைத் தண்ணியில் இறக்காமலே இருந்தாலும் இதில் பெரும்பகுதி போயிருக்கும். ஆயில் கூட 100 மணிக்கு ஒருக்கா, இல்லாட்டி வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். நம்ம 38 மணிக்கு வருஷக் கணக்குதான். இந்த 1510-ஐ மட்டும் சரிசமமாப் பிரிக்கணும், ஏன்னா படகு மூணு பேரோடது, யார் எத்தனை நாள் போனாலும்.

எல்லாம் சேர்ந்து 2047 டாலர், மணிக்கு 54 டாலர் ஆகுது. தூண்டில்காரர் இன்னும் 20 மணி மீன் பிடிக்கப் போயிருந்தா கூடுதல் செலவு 148 தான், மணிக்கு 38-ஆ இறங்கியிருக்கும். விலைக்குப் பயந்து ஆகஸ்டில் மூணு சனிக்கிழமை வீட்டிலேயே உக்காந்திருந்தார் மனுஷன்.

குளிர்காலத்துக்கு ஸ்டெபிலைசர் ஊத்தி டேங்கை ரொப்பி வச்சாச்சு. அதை அடுத்த சீசன் பொதுச் செலவுன்னு எழுதியிருக்கேன். டியூப்காரர் இன்னும் ஒத்துக்கலை.