ஓடுகிறவன் திருடன்

போன வருடம் பங்குனி மாதத்து விடியற்காலை ஒன்றில் முந்திரித் திருடன் என்று பிடிபட்டேன்.

பிடித்தது ஓர் ஆயா. பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் மேட்டில், குத்தகைக்கு விட்ட தோப்பு ஒன்றில் காவலுக்கு இருப்பவர். பழம் உதிரும் பருவத்தில் எங்கள் பக்கத்துத் தோப்புகளில் ராத்திரியெல்லாம் ஆள் இருக்கும் என்பது முந்திரிக் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் மணி நாலே முக்காலுக்கு நெற்றியில் ஒரு விளக்கு, மார்போடு இறுக்கிக் கட்டிய பை, பையின் இரண்டு பக்கமும் புடைப்பு என்று மரத்துக்கு மரம் குனிந்து குனிந்து ஓடிக்கொண்டிருந்தேன். இதைவிட ஒரு திருடனுக்கு என்ன லட்சணம் வேண்டும்?

"எவன்டா அவன், நில்றா!"

நின்றேன். பைக்குள் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னார். நாலு பேரீச்சம்பழம், ரெண்டு கடலைமிட்டாய், காகிதத்தில் மடித்த உப்பு, பாட்டிலில் மோர். ஆயா மோரை முகர்ந்தே பார்த்தார்.

"எதுக்கு ஓடற? யாராவது தொரத்துறாங்களா?"

"மலையில ஒரு ஓட்டப்போட்டி இருக்கு ஆயா. அதுக்குப் பழகறேன்."

"ஜெயிச்சா இன்னா குடுப்பான்?"

"நான் ஜெயிக்க மாட்டேன் ஆயா."

"அப்புறம் இன்னாத்துக்கு ஓடற?"

அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போதும் தயாராக ஒன்று கையில் இல்லை.

நாற்பத்தியொரு வயதில் சர்க்கரை என்றார்கள், நடக்கச் சொன்னார்கள். நடந்தது ஓட்டமாயிற்று. முதல் மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போவேன். ஓடுவதற்கு அந்தச் சாலைகளைப்போல நம் மாவட்டத்தில் வேறில்லை. அகலம், இரண்டு பக்கமும் நிழல், ஒரே சீரான சமதரை. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று கடிகாரத்தில் விழும்போது உடம்பெல்லாம் ஒரு பெருமிதம் ஏறும். கடைசியில் ஓடுவது நானா கடிகாரமா என்றே தெரியாமல் போனது. ஷிஃப்ட் வேலையில் இருக்கும் நெய்வேலி நண்பர் ஒருவர்தான், "தாரை விட்டு இறங்குங்க சார்" என்று தோப்புக்குள் கூட்டி வந்தார். முதல் நாள் கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் காட்டியது. கடிகாரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன்.

இதற்கு டிரெயில் ரன்னிங் என்று பெயர். தார் போடாத வழியில் ஓடுவது, அவ்வளவுதான். வண்டிப்பாதை, வரப்பு, ஏரிக்கரை, ஒத்தையடிப்பாதை என்று அந்த வழிகளுக்கெல்லாம் நம்மிடம் தனித்தனிப் பெயர் உண்டு. அதில் சும்மா ஓடுவதற்குத்தான் பெயர் இல்லை. சும்மா ஓடுகிற ஆள் நம் ஊரில் இருந்ததில்லை போலும்.

தோப்புத் தரை ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுவாரம் செம்மண் கெட்டித்து, பாதம் பட்டால் மெத்தென்று தள்ளிக் கொடுக்கும். வருடத்தில் அதுதான் நல்ல தரை. தையில் பூ எடுக்கும்போது கீழே சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். அதற்கடியில் வேர் எங்கே, வெட்டின கட்டை எங்கே என்று கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் கட்டைவிரல் கண்டுபிடிக்கும். உதிர்கிற கொட்டை கண்ணில் படவேண்டும் என்று மாசி வாக்கில் சருகைக் கூட்டி ஒதுக்கிவிடுவார்கள். மரத்தடி கோலம் போடுகிற வாசல்போல ஆகிவிடும். அடுத்த இரண்டு மாதம் ராஜ ஓட்டம், ஆயாக்களிடம் மாட்டாமல் இருந்தால். சித்திரை, வைகாசியில் வண்டிப்பாதை புழுதி மணலாகி, ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். கெண்டைக்கால் கதறும்.

காலடியில் பத்தடிக்குமேல் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அடுத்த மூன்று நாலு அடிதான் கணக்கு. அடியைச் சின்னதாக்கி, காலைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். தலைக்கும் வேலை இருக்கிறது. முந்திரி மேலே போகாது, பக்கவாட்டில் படரும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறி இந்தப் பக்கத்துத் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. தாத்தா வைத்த மரம் என்று காட்டுவதற்கு மிச்சம் குறைவு. அதன்பிறகு பல இடங்களில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரக ஒட்டுக்கன்றுகளை வைத்தார்கள். வரிசை பிடித்து வைத்ததில் வழி நேராகிவிட்டது. ஒட்டு மரம் தாழக் கிளை விடுவதில் என் நெற்றியில் இரண்டு தழும்பு.

பாம்பைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. உண்டு. சுருட்டைவிரியன், கண்ணாடிவிரியன் இரண்டையும் பார்த்திருக்கிறேன். விடியாத நேரத்தில் விளக்கில்லாமல் இறங்குவதில்லை. கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. காலை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டும், விஷமுறிவு ஊசி அங்கே இருக்கும் என்பதை வீட்டில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். மனைவி அதற்குப் பக்கத்திலேயே, 'போகாமல் இருந்தால் கடிக்காது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

எங்களுக்கு இல்லாதது மேடு. பண்ருட்டியைச் சுற்றிலும் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது கடலூருக்குப் பக்கத்துக் கேப்பர் மலைதான். கடலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது செம்மண் மேடு. மழை அறுத்த ஓடைகளில் ஏறி இறங்கிக் கொஞ்சம் தொடையைப் பழக்கலாம். இந்தச் சிவப்புக்குப் புவியியல்காரர்கள் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் போர்த்திக் கிடப்பது இதுதான். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இதற்குள்தான் கிடைத்தன. ஆரோவில்லின் செம்மண் மேடும் இதே வகை. அடியில் ஒரு பழைய காடு கரியாகவும் கல்லாகவும் கிடக்க, அதன் மேலேதான் நாங்கள் ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறோம்.

ஆரோவில் என்றதும் சொல்லவேண்டும். 2008-லிருந்து அங்கே பிப்ரவரியில் ஒரு மாரத்தான் நடக்கிறது. காட்டு வழியும் கிராமத்து வழியுமாகச் செம்மண் பாதை. 10, 21, 42 கிலோமீட்டர். பரிசு கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது, உங்கள் நேரத்தை அவர்கள் குறித்துக்கொள்வதும் கிடையாது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது மொட்டைப் பொட்டல். மழைநீர் மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தி, லட்சக்கணக்கில் மரம் வைத்து உண்டான காட்டுக்குள்தான் இன்றைக்கு ஓட்டம். அரை மாரத்தானை முடித்து நின்றபோது என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. பக்கத்தில் ஒருவர் செம்மண் அப்பிய சாக்ஸைக் கழற்றிக்கொண்டே வாழைப்பழம் தின்றார். டைம் என்ன என்று கேட்டேன். "எட்டரை இருக்கும் சார், டிபனுக்கு லேட்டாயிடுச்சு" என்றார்.

அந்த ஞானம் எனக்கு ஆறு மாதம்கூட நிற்கவில்லை. ஆடி மாதம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு போட்டி, 50 கிலோமீட்டர். ஆயாவிடம் சொன்னேனே, அதுதான். ஏறும்போது எல்லாரையும்போல நடந்தேன், பிரச்சினை இல்லை. வினை இறக்கத்தில் இருந்தது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். ஏறுவதைவிடத் தசை அதிகம் கிழிவது அப்போதுதான். சமதரையில் எத்தனை நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் தொடைக்கு அந்தப் பாடம் தெரியாது. முப்பதாவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் கருங்கல். அதோடு, தாகம் எடுக்கிறதோ இல்லையோ, வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளியிருந்தேன். மணிக்கணக்கில் வியர்த்தபின் வெறும் தண்ணீரையே அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலை சுற்றும், குமட்டும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்காகப் பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுக்கத் தெரிந்த கை, தனக்கென்று வரும்போது மறந்துவிட்டது. உப்புப் பொட்டலம் பையிலேயே இருந்தது.

38-ஆவது கிலோமீட்டரில் ஜீப்பில் ஏறினேன். முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே டி.என்.எஃப். முடிக்கவில்லை என்பதன் சுருக்கம். குறை முழுக்க என்னுடையது. ஒரு வாரம் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் திருவதிகைக் கோயில் வரை நடந்துவிட்டு வந்தேன், கெடிலத்துக் கரையோரமாக. அப்பர் பிறந்த திருவாமூரும் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். கயிலைக்குப் புறப்பட்ட அப்பருக்கு வழியில் பாதம் தேய்ந்தது, கையால் தாவினார். கை தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் முடியாமல் உருண்டார் என்கிறது பெரியபுராணம். முனிவர் வடிவில் வந்து, திரும்பிப் போ என்று சிவனே சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் குளத்தில் மூழ்கவைத்துத் திருவையாற்றில் எழவைத்துக் காட்சி கொடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் பாஷையில் சொன்னால், கட்-ஆஃப் நேரம் தாண்டியதும் ஜீப்பில் ஏற்றி அனுப்பியது சாட்சாத் அந்த ஈசன். சின்ன வயதில் கேட்டபோது இந்தக் கதையில் அப்பரின் உறுதிதான் பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டபோது, போதும் என்று சொல்ல வந்த அந்த முனிவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு ஆள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சீனாவில் கான்சு மாகாணத்தில், 2021 மே 22 அன்று, 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். கோடைதானே என்று மெல்லிய உடுப்போடு கிளம்பியவர்கள் மேலே போனபோது காற்றும் ஆலங்கட்டியும் குளிருமாக அடித்தது. 21 பேர் இறந்தார்கள். லியாங் ஜிங் என்ற முன்னணி ஓட்டக்காரரும் அதில் ஒருவர். அங்கே ஆறு பேர் பிழைத்தது, மழைக்கு ஒரு குகையில் ஒதுங்கியிருந்த ஆடு மேய்ப்பவர் வெளியே வந்து அவர்களை உள்ளே கொண்டுபோய் நெருப்பு மூட்டியதால். நம் குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான், இங்கே மலையேற்றத்துக்கு ஒழுங்கான விதிகளே வந்தன. வனத்துறை அனுமதி வாங்க அலையவேண்டியிருக்கிறதே என்று புலம்பும் ஓட்டக்காரர்களுக்கு நான் தலையாட்டுவதில்லை.

இந்த வருடமும் பழம் உதிர ஆரம்பித்துவிட்டது. ஆயாவும் வந்துவிட்டார், அதே குடிசை, அதே கயிற்றுக் கட்டில். முதல் நாளே கேட்டார்.

"மலைக்குப் போனியே, இன்னா ஆச்சு?"

"பாதியில நின்னுட்டேன் ஆயா."

"கால் இருக்குதில்ல?"

"இருக்கு."

"அப்ப செரி."

மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். உப்பு தூக்கல் என்றார். பிறகு கட்டிலை விட்டு எழாமலே சொன்னார்: "ஓடறதுதான் ஓடற, அப்பிடியே கெழக்கு வேலி ஓரமா ஒரு சுத்து போ தம்பி. மாடு உள்ள பூந்திருக்கான்னு பாத்துட்டு வா. எனக்கு முட்டி முடியல."

போனேன். கிழக்கு வேலி, வடக்கே கிணற்றடி, மேற்கே பலா நிற்கும் மூலை. தோப்பின் எல்லை சரியாக இரண்டே கால் கிலோமீட்டர் வருகிறது. ஆயாவின் கணக்கில் காலையில் மூன்று சுற்று. மூன்றாவது சுற்று முடித்து வந்தால் கட்டில் காலடியில் நாலு முந்திரிப்பழம் இருக்கும், கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு. கொட்டை குத்தகைக்காரர் சொத்து.

நேற்றும் அப்படித்தான். ஓட்டத்தை ஸ்ட்ராவா செயலியில் ஏற்றினேன். வரைபடத்தில் தோப்பின் வேலி அப்படியே சிவப்புக் கோடாக விழுந்திருந்தது. அன்றைய ஓட்டத்துக்கு ஒரு தலைப்பு வைக்கச் சொல்லிக் கேட்டது. 'மாடு இல்லை' என்று போட்டேன்.